வாசகர் கேள்வி – பதில்: 18,446,744,073,709,551,615 என்னும் எண்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஆறு, ஒருவரையொருவர் அறியாத ஆறு வாசகர்கள் எழுதியவையாயினும், ஒரே எண்ணைப் பற்றியே கேட்டிருந்தன. ஒருவர் சதுரங்கத்தின் வழியாகவும், ஒருவர் கணினியின் வழியாகவும், இன்னொருவர் குழந்தையின் விளையாட்டுப் பொருள் வழியாகவும் அதனிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஓர் எண்ணுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (அங் மோ கியோவிலிருந்து ஒரு தாத்தா): 2024 டிசம்பரில் செந்தோசாவில் நடந்த போட்டியில் குகேஷ் உலக வெற்றியாளரானது முதல் என் பேரனுக்குச் சதுரங்கத்தின் மீது தீராத ஆர்வம் ஏற்பட்டுவிட்டது. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையில் இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது, முதல் கட்டத்திற்கு ஓர் அரிசி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே போய் அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் அரிசி கேட்ட அறிஞரின் கதையைச் சொன்னேன். மொத்தம் எவ்வளவு, அதைத் தமிழில் எப்படிப் படிப்பது, அறுபத்து நான்கு எண்களையும் உட்கார்ந்து கூட்டத்தான் வேண்டுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டுவிட்டான். அவனுக்குப் புரியும்படி விளக்க இயலுமா?

பதில்: ஐயா, கூட்ட வேண்டியதில்லை. பேரனிடம் ஒரே ஓர் அரிசி மணியைக் கடனாகக் கொடுத்து, அதைப் பலகைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கடன் மணியை முதல் கட்டத்தின் ஒரு மணியோடு சேர்த்தால் இரண்டு ஆகிறது. இரண்டாம் கட்டத்திலும் இரண்டுதான் இருக்கிறது என்பதால், சேர்த்தால் நான்கு. மூன்றாம் கட்டத்தில் உள்ள நான்கோடு சேர்த்தால் எட்டு. கையிலிருக்கும் குவியல் எப்போதும் அடுத்த கட்டத்தில் இருக்கும் குவியலுக்குச் சமமாகவே இருப்பதால், ஒவ்வொரு கட்டத்தைக் கடக்கும்போதும் அது சரியாக இரட்டிக்கிறது. அறுபத்து நான்கு கட்டங்களையும் கடந்தபின் கையில் இருப்பது இரண்டை அறுபத்து நான்கு முறை பெருக்கிய பலன், அதாவது 2⁶⁴. கடன் வாங்கிய ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதமிருப்பது 2⁶⁴ − 1. அதுவே அறிஞர் கேட்ட மொத்த அரிசி.

2⁶⁴-ஐக் கண்டுபிடிக்கவும் அறுபத்து நான்கு முறை பெருக்க வேண்டாம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வேலையை ஆறே முறை செய்தால் போதும்: 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296 என ஐந்து படிகளில் வந்துவிடலாம். ஆறாவது பெருக்கலுக்கு ஒரு முழுத் தாளும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அதைக் கையாலேயே செய்துவிடலாம். செய்யச் சொல்லுங்கள் என்றே நான் வேண்டுவேன். விடை 18,446,744,073,709,551,616 என வரும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 18,446,744,073,709,551,615. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் குவாரிசம் நாட்டு அறிஞர் அல்-பிரூனி இதே சதுரங்கக் கணக்கைப் போட்டு, இதே இருபது இலக்கங்களையும் பிழையின்றி எழுதிவைத்திருக்கிறார்.

தமிழில் படிப்பதற்கு வருவோம். சிங்கப்பூரில் நாம் மில்லியன், பில்லியன் என்றே பேசிப் பழகிவிட்டாலும், இந்த எண்ணுக்கு நம் கோடியே வசதியானது. வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரித்துக்கொண்டால் 184467, 4407370, 9551615 என மூன்று துண்டுகள் கிடைக்கும். முதல் துண்டு கோடி கோடிகளையும், நடுத்துண்டு கோடிகளையும், கடைசித் துண்டு கோடிக்கு உட்பட்டதையும் குறிக்கும். எனவே, "ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து" என்று படிக்க வேண்டும். கோடானுகோடி என்று நாம் அளவில்லாததைக் குறிக்க வழங்கும் சொல், இங்கே ஒரு துல்லியமான இடமதிப்பாகவே பயன்படுவதைக் காண எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அளவைப் பேரன் மனத்தில் பதிய வைக்க வேண்டுமானால் அரிசியாகவே பேசுங்கள். ஒரு கிராமுக்கு 50 மணி என்று வைத்துக்கொள்வோம். அரிசியின் வகையைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். தேக்காவில் வாங்கும் 5 கிலோ பையில் அப்படியானால் இரண்டரை லட்சம் மணிகள் இருக்கும். பதினெட்டுக் கட்டங்களை நிரப்பத் தேவைப்படுவது 262,143 மணிகள். ஆகவே பதினெட்டாம் கட்டத்தை முடிக்கும் முன்பே பை காலியாகிவிடும். பலகையின் பாதியில், அதாவது முப்பத்திரண்டாம் கட்டத்தின் முடிவில், தேவைப்படுவது ஏறத்தாழ 86 டன். சிங்கப்பூரின் சுமார் 60 லட்சம் மக்களுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 14 கிராம்தான் கிடைக்கும், கஞ்சிக்கும் போதாது. அரசன் இதுவரை கவலைப்பட வேண்டிய காரணமே இல்லை. பலகையின் மறுபாதியில்தான் கதை மாறுகிறது. மொத்த அரிசி ஏறத்தாழ 36,900 கோடி டன் ஆகிறது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஆண்டுதோறும் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அந்த விளைச்சலை ஒரு மணி கூட உண்ணாமல் ஏறத்தாழ 700 ஆண்டுகள் சேர்த்துவைக்க வேண்டும். அவ்வளவையும் நம் தீவின் ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் சமமாகப் பரப்பினால், ஒரு கன மீட்டர் அரிசி 800 கிலோ எனக் கொண்டு, உயரம் 600 மீட்டரைத் தாண்டும். 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு உயரத்திற்கு, துவாஸிலிருந்து சாங்கி வரை, அரிசி.

கேள்வி (பொங்கோலிலிருந்து உயர்நிலை நான்கு மாணவர்): கணக்குப்பொறியில் 2⁶⁴ − 1 என்று போட்டால் 1.844674407 × 10¹⁹ என்று மட்டுமே வருகிறது. இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பதைக் கணக்குப்பொறி இல்லாமல் சொல்ல முடியுமா? முடியுமானால் அதன் காரணிகள் என்ன?

பதில்: தம்பி, இம்மாதக் கேள்விகளுள் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். இந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பருமனைச் சொல்லி வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனுள்ளே இருக்கும் அமைப்பு பருமனைவிடப் பன்மடங்கு அழகானது என்பது என் உறுதியான எண்ணம். அந்த அமைப்பைத் திறக்க உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு வாய்பாடு போதும்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூலங்களின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்குவதற்குச் சமம்.

2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). இப்போது 2³² − 1-உம் அதே வடிவில் இருப்பதால் அதையும் (2¹⁶ + 1) × (2¹⁶ − 1) என்று பிரிக்கலாம். இவ்வாறு ஆறு முறை பிரித்துக்கொண்டே போனால், முதல் பதிலில் சொன்ன ஆறு வர்க்கப் பெருக்கல்களையும் தலைகீழாக அவிழ்த்ததுபோல் ஆகி, இறுதியில் கிடைப்பது: 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297. இருபது இலக்க எண் ஒன்று ஆறு வரிகளில் ஆறு துண்டுகளாகிவிட்டது. பகா எண்ணா என்ற கேள்விக்கு விடையும் கிடைத்துவிட்டது. அது பகு எண்.

இந்த ஆறு துண்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இவை 2, 4, 16, 256 என வர்க்கித்துக்கொண்டே போகும் தொடரின் ஒவ்வோர் உறுப்போடும் ஒன்றைக் கூட்டியவை. ஃபெர்மா எண்கள் எனப்படுபவை. 3, 5, 17, 257, 65,537 ஆகிய முதல் ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் டி ஃபெர்மா, இத்தொடரில் வரும் எண்கள் அனைத்துமே பகா எண்கள்தாம் என்ற தம் நம்பிக்கையை 1640ஆம் ஆண்டுக் கடிதங்களில் எழுதினார். மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. எண்களிடம் ஐந்து சோறு பார்த்தாலும் போதாது. 1729இல் கணித அறிஞர் கோல்ட்பாக் எழுதிய கடிதம் ஒன்றின் மூலம் இக்கேள்வி இளைஞரான லியோன்ஹார்ட் ஆய்லரிடம் போய்ச் சேர்ந்தது. 1732இல் ஆய்லர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார்: 4,294,967,297 = 641 × 6,700,417.

கணினி இல்லாத காலத்தில் 641-ஐ அவர் எங்கே போய்த் தேடினார் என்று வியக்கத் தோன்றும். ஆனால் தேட வேண்டிய இடம் மிகச் சிறியது. ஆய்லரே மெய்ப்பித்த விதி ஒன்றின்படி, 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிப் பாருங்கள். இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. முதல் நான்கும் மீதி வைக்கும். ஐந்தாவது மீதியின்றி வகுக்கும். ஐந்து நீள் வகுத்தல்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்திருந்த நம்பிக்கை விழுந்தது. மிச்சமான 6,700,417 பகா எண்தானா என்பதையும் இதே விதியால் சோதிக்கலாம். அதன் வர்க்கமூலம் 2,589-ஐ எட்டாது என்பதால், அதற்குள் அடங்கும் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஏழும் மீதி வைக்கும். ஒரு மாலைப்பொழுதில் நீங்களே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

வகுத்துப் பார்க்காமலேயே 641 பொருந்தும் என்று காட்டும் ஒரு வழியும் இருக்கிறது. அதை முதன்முதலில் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியை உங்களுக்கும் தர விரும்புகிறேன். 641 என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதியை −1 எனக் கொள்ளலாம். அதை நான்கு முறை தன்னோடு தானே பெருக்கினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1 ஆகும். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴, அதாவது 625, 641-ஐவிட 16 குறைவு. ஆகவே மீதிக் கணக்கில் 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைத்துக்கொள்ளலாம். வைத்தால், −2⁴ × 2²⁸, அதாவது −2³²-இன் மீதி 1. எனவே 2³²-இன் மீதி −1. 2³² + 1-இன் மீதி சுழியம். பத்து இலக்க எண் ஒன்றை ஒருமுறைகூட எழுதாமலேயே அதன் காரணியைக் கண்டுவிட்டோம்.

ஆக, நம் எண்ணின் முழுப் பகாக் காரணி வடிவம் 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417. ஏழு காரணிகள், எதுவும் இரு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 2⁷, அதாவது 128. இந்த 128-இல் 641-ஐயும் 6,700,417-ஐயும் கொள்ளாதவை 32. அவற்றுள் 1-ஐ நீக்கினால் எஞ்சும் 31 எண்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1796ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், குகேஷ் வெற்றியாளரான அதே பதினெட்டு வயதில், கார்ல் ஃபிரீட்ரிக் கௌஸ் பதினேழு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். கிரேக்கர் காலத்திற்குப் பிறகு அத்துறையில் நேர்ந்த பெரும் முன்னேற்றம் அது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்குமானால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக அது இருந்தால் வரையலாம் என்பது கௌஸின் விதி. இல்லையேல் வரையவே இயலாது என்பதை 1837இல் வான்செல் மெய்ப்பித்து அதை முழுமையாக்கினார். அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் இன்றுவரை ஐந்தே. அதனால் வரையத்தக்கவை என அறியப்பட்டுள்ள ஒற்றைப்படைப் பலகோணங்கள் மேற்சொன்ன 31 மட்டுமே. மூன்று பக்க முக்கோணத்தில் தொடங்கும் அவ்வரிசை 4,294,967,295 பக்கங்கள் கொண்ட பலகோணத்தில் முடிகிறது. அந்த எண்ணை நீங்கள் முன்பே சந்தித்துவிட்டீர்கள். சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் நிறைந்த அரிசி மணிகளின் எண்ணிக்கை அது.

கேள்வி (தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகி): இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87, அதையும் கூட்டினால் 15, அதையும் கூட்டினால் 6 வருகிறது. இந்த 6-க்கு ஏதேனும் பொருள் உண்டா?

பதில்: உண்டு, அம்மா. ஆனால் அது வகுத்தல் பற்றிய பொருள் மட்டுமே. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய்க் கிடைக்கும் 6, எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. 6 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் அவ்வாறே. முந்தைய பதிலில் 3 ஒரே ஒரு முறை மட்டும் காரணியாக வந்திருப்பதை இது உறுதிசெய்கிறது. இதற்கு மேல் அதில் தேட வேண்டாம் என்பதே என் கருத்து. இலக்கங்களின் கூட்டுத்தொகை நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. எண்ணும் முறையை மாற்றினால் அதுவும் மாறிவிடும். இரண்டிரண்டாக எண்ணும் இரும முறையில் இதே எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 64.

கேள்வி (ஜூரோங் வெஸ்டில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர்): வேலையில் இந்த எண்ணை அடிக்கடி காண்கிறேன். ஆனால் சில நிரல்களில் அது 18446744073709552000 என்று முடிகிறது. சதுரங்கக் கதையின் எண் கணினிக்குள் எப்படி வந்தது, கடைசி இலக்கங்கள் ஏன் மாறுகின்றன?

பதில்: ஐயா, கேள்வியின் முதற்பகுதிக்கு விடை நீங்கள் அறிந்ததே, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இரும முறையில் ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தின் இருமடங்கு மதிப்புடையது. சதுரங்கப் பலகையின் கட்டங்களும் அப்படித்தான். ஆகவே 64 பிட், அதாவது 0 அல்லது 1 இருக்கும் 64 இடங்கள், கொண்ட நினைவிடம் என்பது ஒரு சதுரங்கப் பலகைக்கு நிகர். எல்லாக் கட்டங்களிலும் 1 இருந்தால் கிடைக்கும் மதிப்பே நம் எண். குறியில்லாத 64 பிட் முழு எண்களில் அதுவே மிகப் பெரியது. அதனோடு ஒன்றைக் கூட்டினால், வண்டியின் ஓட்டமானியில் எல்லா ஒன்பதுகளும் ஒரே நேரத்தில் உருண்டு சுழியமாவதைப் போல, அறுபத்து நான்கு ஒன்றுகளும் சுழியமாகிவிடும். சதுரங்கம் ஆடும் மென்பொருள்கள் பல, பலகையில் எந்தெந்தக் கட்டங்களில் காய்கள் இருக்கின்றன என்பதை ஒரே ஒரு 64 பிட் எண்ணால் குறித்துக்கொள்கின்றன. அம்முறையில் அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒருசேரக் குறிக்கும் எண் இதே 18,446,744,073,709,551,615. அரிசியைப் பரப்பிய அதே பலகைக்கு அந்த எண் திரும்பி வந்திருக்கிறது.

கடைசி இலக்கங்களைப் பொறுத்தவரை, நீங்கள் குறிப்பிடும் நிரல்கள் எண்ணை மிதவைப்புள்ளி (floating point) வடிவில் சேமிக்கின்றன. அவ்வடிவமும் 64 பிட் இடத்தையே எடுத்துக்கொண்டாலும், கூட்டல் கழித்தல் குறிக்கும் அடுக்கெண்ணுக்கும் போக, எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைக்கும் துல்லியம் 53 பிட்டே. நம் எண்ணுக்கு 64 பிட்டும் தேவைப்படுவதால் அது அருகில் உள்ள 2⁶⁴-க்கு நகர்ந்துவிடுகிறது. பிறகு அச்சிடும்போது அடையாளம் காணப் போதுமான இலக்கங்களை மட்டும் காட்டி எஞ்சியவற்றைச் சுழியங்களால் நிரப்புகிறது. அந்த விடை தவறு என்பதை ஒரு பார்வையிலேயே கண்டுகொள்ளலாம். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற நான்கு இலக்கங்களில் மாறி மாறி முடியும். சுழியத்தில் முடியவே முடியா. 64 நான்கின் மடங்கு என்பதால் 2⁶⁴ ஆறில்தான் முடியும், நம் எண் ஐந்தில்தான் முடியும்.

பாதியளவு நினைவிடம் கொண்ட பழைய அமைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கழிந்த வினாடிகளைக் குறியுள்ள 32 பிட் எண்ணில் எண்ணி வரும் கருவிகள் 2,147,483,647 வரைதான் எண்ண முடியும். சிங்கப்பூர் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடிக்கு அந்த எல்லை வந்துவிடும். 64 பிட்டுக்கு மாறிய கருவிகளுக்கு இக்கவலை இல்லை. வினாடிக்கு நூறு கோடி முறை கூட்டிக்கொண்டே இருந்தாலும் நம் எண்ணை எட்ட 584 ஆண்டுகள் ஆகும்.

கேள்வி (உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாய்): மகளுக்கு வாங்கிய ஹனோய் கோபுரம் என்னும் விளையாட்டுப் பொருளோடு ஒரு கதை இருந்தது. காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் முடியும் என்கிறது கதை. தேவைப்படும் நகர்த்தல்களும் இதே எண்தானாம். இது உண்மையா? இரண்டு கதைகளிலும் ஒரே எண் வந்தது தற்செயலா?

பதில்: காசிக் கதை கற்பனை. அந்த விளையாட்டை 1883இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூகா வெளியிட்டபோது அதனுடன் வந்தது அது. ஆனால் எண் உண்மை. ஒரு முறைக்கு ஒரு வட்டு, சிறியதன்மேல் பெரியது கூடாது என்னும் விதிப்படி அடியில் இருக்கும் பெரிய வட்டை நகர்த்த வேண்டுமானால், மேலே இருப்பவை அனைத்தும் முதலில் நடுக்கம்பத்திற்குப் போக வேண்டும். பெரியது ஒருமுறை நகர வேண்டும். பிறகு மற்றவை அனைத்தும் அதன்மேல் திரும்பி வர வேண்டும். ஆகவே ஒரு வட்டு கூடினால் நகர்த்தல்கள் இருமடங்காகி மேலும் ஒன்று கூடும்: 1, 3, 7, 15, 31. முதல் பதிலில் வந்த கடன் மணியை இங்கேயும் சேர்த்துப் பாருங்கள்: 2, 4, 8, 16, 32. அதே இரட்டிப்பு, அதே கடன், அதே 2⁶⁴ − 1. ஆகவே தற்செயல் அன்று. ஒரே கணக்குக்கு இரண்டு வேடங்கள். வினாடிக்கு ஒரு வட்டு வீதம் ஒரு பிழையுமின்றி நகர்த்தினாலும் 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான். மகளுக்கு ஐந்து வட்டுகளோடு தொடங்கிக் கொடுங்கள். 31 நகர்த்தல்களில் முடித்துவிடலாம்.

கேள்வி (பிடோக்கிலிருந்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்): 2⁶⁴ − 1 இத்தனை எளிதாக உடைகிறது. அதற்கு இரண்டு தள்ளி இருக்கும் 2⁶⁴ + 1-உம் இவ்வாறு உடையுமா?

பதில்: ஐயா, தாங்கள் விடையை அறிந்தே கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன், ஆயினும் கேட்டதற்கு நன்றி. 18,446,744,073,709,551,617 என்னும் அந்த அண்டை எண், ஆய்லர் உடைத்த எண்ணுக்கு அடுத்த ஃபெர்மா எண். அதற்கு வர்க்க வித்தியாச வாய்பாடு உதவாது. ஆய்லருக்குப் பின் நூறாண்டுகளுக்கு மேல் அது உடையாமலேயே இருந்தது. 1855இல் கிளாசன் என்னும் அறிஞர் கௌஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அதை உடைத்துக் காட்டியிருந்தார். 1880இல் லாந்த்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் அதை 274,177 × 67,280,421,310,721 எனப் பிரித்து வெளியிட்டார். இரண்டே இடைவெளியில் நிற்கும் இரண்டு எண்களுள் ஒன்று ஆறு வரிகளில் அவிழ்வதும், மற்றொன்று அத்தனை காலம் காத்திருக்க வைத்ததும் என்னை இன்றும் வியக்க வைக்கின்றன.

அந்த இரண்டு என்னும் இடைவெளிக்கே ஒரு பயன் உண்டு. நம் எண்ணையும் இந்த அண்டை எண்ணையும் ஒரே பகா எண் வகுக்குமானால், அவற்றின் வித்தியாசமான 2-ஐயும் அது வகுத்தாக வேண்டும். அதாவது அது 2-ஆகவே இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒற்றைப்படை எண்கள். ஆகவே அவற்றுக்குப் பொதுக் காரணி 1-ஐத் தவிர வேறில்லை. நம் எண் முதல் ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் என்பதால், ஏழாவது ஃபெர்மா எண்ணின் பகாக் காரணிகள் அந்த ஆறில் எதிலும் இல்லாத புதியவை. இதே உறவு தொடர் முழுவதற்கும் பொருந்தும்: எத்தனை ஃபெர்மா எண்களைத் தொடக்கத்திலிருந்து பெருக்கினாலும், பலன் அடுத்த ஃபெர்மா எண்ணைவிட இரண்டு குறைவாகவே இருக்கும். எனவே தொடரில் வரும் ஒவ்வோர் எண்ணும், பகா எண்ணாக இருந்தாலும் பகு எண்ணாக இருந்தாலும், அதற்கு முன் வராத ஒரு பகா எண்ணையேனும் கொண்டுவருகிறது. தொடருக்கு முடிவில்லை, ஆகவே பகா எண்களுக்கும் முடிவில்லை. 1730இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த உறவு இடம்பெற்றிருக்கிறது. 4,294,967,297 உடைவதற்கு இரண்டாண்டுகள் முன்பு எழுதப்பட்ட கடிதம் அது.